நாற்பதாம் கயிறு

வேலை நேரத்தில் என் கைகளுக்கு விரல் கிடையாது.
ரப்பர் உறை, அதன்மேல் சிப்பியின் நார், அதன்மேல் உப்பு.
தெப்பத்தின் யூகலிப்டஸ் உத்தரத்தில் நின்று
எதையாவது நினைத்தால்
கம்பாதோஸ் கரை சேர்வதற்குள் அது மூழ்கிவிடும்.

மீன்பெட்டி மூடியில் கரியால் எழுதினேன்.
அலை படித்துவிட்டுத் துடைத்தது.
மணிக்கட்டில் பேனாவால் எழுதினேன்.
சாயங்காலம் "கயிறு 2" மட்டும் மிச்சம்.
இருபதா, இருநூறா?

பிப்ரவரியில் இந்தக் கடிகாரம் வாங்கினேன்.
வந்த புதிதில் அதுவும் ஓர் அரசாங்க அலுவலகம்.
வணக்கம் இல்துவாரா, என்னும்.
முகத்தைத் தட்டு, இடப்பக்கம் தள்ளு, மைக் படத்தைத் தேடு.
பேசி முடித்தால் கேட்கும்:
சேமிக்கவா? பெயர் என்ன? எந்த உறையில்?
ஈரத் திரையோ
என் விரலை விரலென்றே ஒப்புக்கொள்ளவில்லை.
பதினோரு நொடி. எண்ணிப் பார்த்தேன்.
பதினோரு நொடியில் ஒரு நண்டு தப்பிவிடும்.

ஒரு ஞாயிறு முழுக்க அடுக்களை மேசையில் உட்கார்ந்து
அதன் வாயை அடைத்தேன்.
இதயத்துடிப்பு வேண்டாம். காலடிக் கணக்கு வேண்டாம்,
படகில் நான் எங்கே நடக்க?
மூச்சை ஆழமாக இழு என்ற புத்திமதி
வேண்டவே வேண்டாம்.
திரைக்குப் பூட்டு.
பக்கத்துப் பித்தானுக்கு ஒரே வேலை:
அழுத்தினால் கேள், மறுபடி அழுத்தினால் நிறுத்து.
ஆரம்பத்துக்கு ஓர் அதிர்வு, முடிவுக்கு இரண்டு.
கண் தேவையில்லை, எலும்பே சொல்லும்.
உறை வழுக்காமல் இருக்க
சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிப் பித்தான்மேல் ஒட்டினேன்.
முகத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டினேன்,
நாடி பார்க்கிற இடத்தில் ஒரு காது.

எழுத்தாக்கும் வசதியை மட்டும் இரண்டு நாள் விட்டுவைத்தேன்.
அதற்கு மத்ரீத் பேச்சுதான் தெரியும், எங்கள் பேச்சு தெரியாது.
நான் சிப்பி என்றேன், கன்னம் என்று எழுதியது.
"நாற்பதாம் கயிற்றில் கன்னங்கள் சிறிசு."
சிரித்துவிட்டு அதையும் அணைத்தேன்.

இரவில் சூப் கொதிக்கும்போது கேட்பேன்.
என் குரல், காற்றில் பாதி கிழிந்து:
"நாற்பது. நட்சத்திர மீன் ஏறியிருக்கு."
"வின்ச் பெல்ட் நழுவுது."
"ப்ரெய்ஷோ ரொட்டியைத் தொடல."
"அறுபத்திரண்டு, நல்ல எடை."
செவ்வாய்: "முடிச்சு ரெண்டு தரம் போட்டான், ரெண்டும் தப்பு."
வியாழன்: "இன்னிக்கும் ரொட்டி. கடற்காக்கைக்குப் போட்டுட்டான்."

பேனாவாக இருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.
பேனாவுக்கு ஒரு கௌரவம் உண்டு,
அடுத்தவன் ரொட்டியை எல்லாம் எழுதாது.
சொன்னதாகவே எனக்கு நினைவில்லை.
ஒன்பது வருடம் ஒரே படகு.

வெள்ளிக்கிழமை, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, கேட்டேன்.
சொன்னான். நீளமாக.
கயிற்றைப் பார்த்தபடியே சொன்னான்,
நானும் கயிற்றையே பார்த்தேன்.

நடுவில் எப்போதோ
உறையின் விளிம்பு பித்தானில் பட்டிருக்கிறது.
அதிர்ந்திருக்கும். எலும்புக்கு வேறு வேலை இருந்தது.
வீட்டில் பார்த்தால் நாற்பத்தேழு நிமிடம்:
வின்ச், தண்ணீர், வின்ச்.
அவன் குரல் எங்கோ அடியில் பாசி மாதிரி அசைகிறது,
ஒரு சொல்கூடப் பிரியவில்லை.
கடைசியில் மோட்டார் அணைந்ததும் மட்டும், தெளிவாக:
"வலைப்பை இன்னும் இருக்கா?"
இருக்கு, என்கிறேன் நான்.

அழிக்கவில்லை. பெயரும் வைக்கவில்லை.
பெயர் கேட்கும் கேள்வியை நான்தானே எடுத்தேன்.

திங்கள், ஆறு மணி, மூக்கு நுனி தெரியாத மூடுபனி.
ஓர் அதிர்வு.
"நாற்பது, நட்சத்திர மீனைப் பிடுங்கணும். பெல்ட் மாத்தியாச்சு.
புதன்கிழமை அவங்க சந்தியாகோ ஆஸ்பத்திரிக்குப் போகணும்,
வண்டி நான் ஓட்டறேன். டீசல் போடு."
இரண்டு.