எண்பத்திரண்டு கிராம்

சிவதாபுரம் பட்டறையில்
கொலுசு நிறுக்கும் தராசில் வைத்தேன்.
எண்பத்திரண்டு.
கல்யாணக் கொலுசின் ஒற்றைக் காலுக்குக் காணாது.

மூன்றைக் கவ்விப்போன தாய்
ஆசிட் கேன்களுக்குப் பின்னால்
இதை மட்டும் விட்டிருந்தது.
"அதுக்குக் கணக்குத் தெரியும், விடு" என்றார் சித்தேசு.
எனக்குத் தெரியாது.

ஆட்டுப்பால். சொட்டு மருந்தின் ஃபில்லர்.
மல்லாத்தினால் புரையேறும், குப்புற வைத்துத்தான்.
ஒரு சொட்டு உள்ளே,
இரண்டு என் மணிக்கட்டில்.
ஈரப் பஞ்சால் அடிவயிற்றை நீவினால்தான்
மூத்திரம் போகும்.
நைட்டித் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைத்
தாயென்று நம்பி ஒட்டிக்கிடக்கும்.

இரவு இரண்டுக்கு அலாரம், மறுபடி நாலுக்கு.
மில் ஷிப்டிலிருந்து மாதையன் போன் செய்கிறான்:
"சாப்பிட்டுச்சா?"
நான் சாப்பிட்டதைக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் எழுபத்தொன்பது.

சேதாரம் என்போம் இங்கே.
உருக்கும்போது கொஞ்சம், ராவும்போது கொஞ்சம்.
கூட்டிய குப்பையை எரித்து
வெள்ளியைத் திரும்ப எடுத்துவிடுவோம்.
இந்த மூன்று கிராமை
எந்தக் குப்பையில் தேட?

அன்று ராத்திரி அது
ஃபில்லரைக் கடித்தது. பல்லில்லாத வாயால்.
விடவேயில்லை.

ஐந்தாம் நாள் முதலாளி
பேரேட்டைப் புரட்டினார்.
திருகு, வளையம், சலங்கை முத்து,
ஓரத்தில் என் கையெழுத்தில்
82, 80, 79, 79, 84.
"இது யார் ஆர்டர்?"

தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றேன்,
தட்டில் லேசாக ஈரம்.
சேலை மடிப்புக்குள்ளிருந்து
கண் திறக்காத ஒன்று
கத்திப் பதில் சொன்னது.