இருபத்தைந்தாம் தேதி

பத்தொன்பது வருடம் இந்தத் தேதியில்
கைப்பேசி ஒருமுறை சிணுங்கும், வங்கியிலிருந்து.
இன்று காலை சும்மா கிடந்தது.

டர்பன் மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவில்
அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்த அன்று
கழுத்தில் நாடா கிடந்த இடம் மட்டும்
கொஞ்சம் வெளுத்திருந்தது.

சாட்ஸ்வொர்த் வீட்டில்
இஸ்திரி மேசையின் பாதி என் அலுவலகம்.
மறுபாதியில் பூபாலனின் சட்டைகள்.
'லோகாம்பாள் மூட்லி, நீர்க்கசிவு ஆலோசகர்'
இருநூற்றைம்பது அட்டை அச்சடித்தேன்.
நான்கு போயின.
ஒன்றை மடித்து மேசைக்காலுக்குக் கொடுத்தேன்,
ஆட்டம் நின்றது.

வீட்டுக்கடன் பற்றி அவர் கேட்பதே இல்லை.
அந்தக் கேட்காமை
சுவருக்குள் கசியும் குழாய்.
காது வைத்துப் பழகியவளுக்கு
நன்றாகவே கேட்கிறது.

மூன்று மணிக்குச் சிணுங்கியது.
வங்கி இல்லை. பழைய அலுவலகம்,
என் நாற்காலிக்கு வந்த சிபுசிசோ:
"மேடம், ஓவர்போர்ட் மேட்டில் ரோடெல்லாம் தண்ணீர்.
வால்வு எங்கே? வரைபடத்தில் காணோம்."

"பள்ளிக்கூட மதிலோரம், புல்லுக்கடியில்.
மற்றதெல்லாம் வலப்பக்கம் மூடும்,
இது மட்டும் இடப்பக்கம்.
பதினொரு சுற்று.
கடைசிச் சுற்று முரண்டும், விடாதே."

நின்றுவிட்டது என்றான்.
நன்றி என்றான். வைத்துவிட்டான்.

அப்புறம்தான் உறைத்தது,
அடிப்பாவி,
விற்கப் புறப்பட்டதே இதைத்தானே.

மின்வெட்டுக்கு இன்னும் பத்து நிமிடம்.
மடிக்கணினியில் முதல் பில் எழுதுகிறேன்:
வால்வு ஒன்று, நினைவிலிருந்து.

தொகைக் கட்டத்தில்
சின்னக் கோடு ஒன்று
மினுக் மினுக்கென்று நிற்கிறது.