நெல்லளவு

கன்னாதிட்டியில் முப்பத்தொரு வருசம்
பொன்னை உரைத்துப் பார்த்த கை இது.
கறுப்புக் கல்லில் ஒரு கோடு,
கோட்டின்மேல் ஒரு சொட்டு அமிலம்.
நிறம் நின்றால் விலை; கரைந்தால் கதை கேட்க வேண்டும்.
கல்லையே கொண்டுவந்து வைத்தால்
எந்தக் கல்லில் உரைப்பது?

நேசறட்ணம் சரவணையிலிருந்து பஸ்ஸில் வந்தா.
மடியில் பால்மாப் பை,
பைக்குள் துவாய்,
துவாய்க்குள் ஒரு தாமரை இலை.
சுருண்டு கிண்ணமாகிப் போன இலை.
விளிம்பில் தொற்றிக்கொண்டு
உள்ளே என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்க்கும் நண்டு,
கால் ஒன்று குறைய.
இலை நரம்புகளை ஒருவன்
மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டியிருக்கிறான்.
அடிப்பக்கம் வந்தபோது அவனுக்குப் பசித்திருக்க வேண்டும்.

"சீனச் சாமான். ஜேட் எண்டு சொல்லுகினம்.
நோர்வேயிலயிருந்து தங்கச்சி கேக்கிறா,
பெறுமதி பார்த்துப் பாதி பிரிக்கட்டாம்."

ஒரு கிழமை வைத்துவிட்டுப் போங்கோ என்றேன்.

கன்னத்தில் வைத்தேன், குளிர்ந்தது.
மார்கழி விடியலில்
என் இரும்புப் பெட்டியும் அப்படித்தான் குளிரும்.
தராசில் அறுநூற்று நாற்பத்தெட்டுக் கிராம்.
நூலில் கட்டி வாளிக்குள் இறக்கினால் நானூற்றெட்டு.
தண்ணீரில் நண்டுக்கு மட்டும்
கொஞ்சம் உயிர் வந்த மாதிரி.
வகுத்துப் பார்த்தேன்: இரண்டு தசம் ஏழு.
ஜேட் என்றால் மூன்றுக்குக் கிட்டவாவது போகவேணும்.

கடைசியாகக் கத்தி.
அடியில், ஆரும் பாராத மூலையில்,
ஒரு நெல்லளவு இழுத்தேன்.
நகக்கண்ணில் வெள்ளைப் பொடி,
முகப்பவுடர் போல வழுக்கியது.
மாக்கல்.

கத்தியைத் துடைத்த பிறகுதான் யோசித்தேன்,
வாளிக் கணக்கே போதுமாயிருந்தது.

அடியில் நாலு எழுத்து இருந்தது.
கடலட்டைப் பண்ணையில் வேலை செய்யும் வெய்
மகளுக்குத் தோடு பார்க்க வந்த அன்று காட்டினேன்.
இரண்டு தரம் திருப்பினான், சிரித்தான்,
போனில் தட்டித் தமிழில் காட்டினான்:
"ராசாவின் முத்திரை. ஒரு கோடு குறைவு.
ராசா இதைப் பார்க்கவில்லை."
இன்னொரு தரம் தட்டினான்:
"தூரிகை கழுவும் பாத்திரம். விற்கச் செய்தது.
நூறு வருடம் இருக்கலாம்."
தோடு வாங்காமல் போனான்.

அடுத்த வெள்ளி அவ வந்தபோது
எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.
"வினாசித்தம்பி மாமா தைப்பிங் ஸ்ரேசனில கிளாக்கர்.
பென்சனோட வரேக்க கொண்டுவந்தவர்.
பொய்ப்பல்லைக் கழட்டி இதுக்குள்ள போட்டிட்டுத்தான் படுப்பார்.
ராவில நண்டு பல்லைத் திண்டுபோடும் எண்டு
நான் முழிச்சுக் கிடப்பன்.
தங்கச்சி அப்ப பிறக்கேல்லை."

இருபத்தையாயிரம் என்றேன்.
கால் முழுசாக இருந்திருந்தால் நாற்பது.
விலை சொன்னதும் நான் சுவர்க் கலண்டரைப் பார்ப்பேன்.
முகங்கள் விழும் நேரம் அது.
இந்த முறை சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அப்ப நல்லம்.
இதுக்காக அவ பிளேன் ஏறமாட்டா."
கதிரையை முன்னுக்கு இழுத்தா.
"இன்னும் கொஞ்சம் குறைச்சு எழுதுவியளோ?"

எழுதினேன்:
மாக்கல் கிண்ணம் ஒன்று. சீன வேலை.
நண்டின் கால் ஒன்று இல்லை. பெறுமதி,
அந்த இடத்தில் பேனை நின்றது.
பவுணுக்கு ஒரு மஞ்சாடி கூட்டியோ குறைத்தோ
எழுதியறியாத பேனை.
இருபத்தையாயிரம் என்றே எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அவ கடதாசியைப் பார்க்கவில்லை.
கிண்ணத்தைக் கவிழ்த்து
யன்னல் வெளிச்சத்தில் பிடித்தா.
பெருவிரல் ராசாவின் பொய் முத்திரையைக் கடந்து
நேரே அந்த மூலைக்குப் போய் நின்றது.

"இது முந்தி இல்லை."

தெருவில் ஐஸ்கிறீம் வான் பாட்டோடு போய் முடிந்தது.

"நான்தான். கல்லு என்னவெண்டு பார்க்க."

"ம்."
துவாயால் சுற்றினா, நண்டின் பக்கம் இரண்டு சுற்று.
பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டா,

"இதுக்கு எவ்வளவு குறைச்சனீங்கள்?"