அலுமாரிக்குப் பின்னால்

வங்கியிலிருந்து வந்தவர் சப்பாத்தைக் கழற்றவில்லை.
ஒழுங்கையின் அகலத்தை அளந்து எட்டடி என்று எழுதினார்.
பத்தடி இருந்தால் மூன்று இலட்சம் கூடியிருக்கும் என்றார்,
ஒழுங்கை என் மகன் மாதிரியும்
நான் ஒழுங்காக வளர்க்காத மாதிரியும்.

நாவற்குடா. பதின்மூன்று தசம் நாலு பேர்ச்.
நாலு படம் எடுத்தார்.
சமையலறைக்குள் எட்டிப் பார்த்து
'சமையலறை' என்று குறித்துக்கொண்டார்.
பதினொரு நிமிடம். எண்ணினேன்.

"கூரை ஒழுகுமா?"
"அது என்ட வேலை இல்ல, தங்கச்சி,"
மரியாதையாகத்தான் சொன்னார்.
"நீங்க கட்டாம விட்டா
பேங்க் இத எவ்வளவுக்கு விக்கலாம்,
அதப் பாக்கத்தான் வந்தன்."

கட்டணம் பதினெட்டாயிரம், என் காசு.
அறிக்கை அவர்களுக்கு.
நான் விழப்போகும் நாளுக்கு
நானே கூலி கொடுத்து விலை குறித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை
காத்தான்குடியிலிருந்து இஸ்மாலெவ்வை மேசன் சைக்கிளில் வந்தார்.
கொண்டுவந்தது ஒரு சின்னச் சுத்தியல், ஒரு தூக்குநூல்,
தேய்ந்துபோன ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்று.
முழங்காலில் நின்று குற்றியால்
டைல்ஸைத் தட்டிக்கொண்டே போனார்.
டிக். டிக். டிக்.
டொக்.
"இதுக்குள்ள ஒண்டும் இல்ல புள்ள. வெறும் காத்து."

கட்டாரிலிருந்து என் மனுசன் வீடியோவில்:
"பெயின்ற் வடிவாத்தானே இரிக்கி?"
இஸ்மாலெவ்வை சுவரில் மூக்கை வைத்து மணந்தார்.
"ஒரு மாசம் ஆகல்ல" என்றார்,
போனைப் பார்த்தல்ல, சுவரைப் பார்த்து.
ஏணி வைத்து ஏறி
பின்பக்கத்து பீமைச் சுரண்டினார்.
சிவப்பாகக் கொட்டியது.
"கடல் மண்ணுல குழைச்சிரிக்காங்க.
கம்பி உள்ளுக்குள்ள ஊதிப் பூத்திட்டு."

பிறகு அறைக்குள் வந்து நின்றார்.
"இந்த அலுமாரியக் கொஞ்சம் தள்ளேலுமா?"

வீட்டுக்காரர் யோகநேசன்
தேத்தண்ணி ஊற்றச் சொன்னார்.
சாமான் நிறைய, பாரம் என்றார்.
கொழும்பிலிருந்தும் ஒரு ஆள் கேட்கிறார் என்றார்.
கமலவேணிதான் குசினியிலிருந்து வந்தா.
உறுதி அவவின் பெயரில், சீதன வீடு.
ஒன்றும் பேசாமல்
அலுமாரிக்குத் தோளைக் கொடுத்தா.
நான் மறுபக்கம் பிடித்தேன்.

அங்கே பெயின்ற் போகவில்லை.
தேயிலைக் கறை நிறத்தில் ஒரு கோடு,
என் இடுப்புக்கு மேலே நாலு விரல்.
கீழே இன்னொன்று.
அதற்கும் கீழே ஒன்று, இன்னும் ஈரம் ஆறாதது.

"மேல உள்ளது பெரிய வெள்ளம்.
நடுவில உள்ளது மகள் பெரியபிள்ளையான வருசம்,
சடங்கைத் தள்ளி வெச்சம்.
கீழ உள்ளது இந்தக் கார்த்திகை."
பிள்ளைகளின் உயரம் சொல்வது போலச் சொன்னா.
யோகநேசன் முற்றத்துக்குப் போய்விட்டார்.

வங்கிப் படிவத்தில்
அந்தக் கோடுகளுக்குக் கட்டம் இல்லை.

அவர்கள் கேட்பது தொண்ணூற்றிரண்டு இலட்சம்.
வங்கி எழுதியது எழுபத்துநாலு.
இஸ்மாலெவ்வை சிகரெட் பெட்டி மட்டையில் எழுதியது
பீமுக்கும் கூரைக்கும் ஒன்பது,
"தரைய உயத்திறதெண்டா வேற கணக்கு."
"அப்ப எவ்வளவு குடுக்கிற?" என்கிறார் கட்டாரிலிருந்து.
சிக்னல் போய்விட்டது, நல்ல வேளை.

முற்பணம் கொண்டுதான் போயிருந்தேன்.
கைப்பையைத் திறக்கவில்லை.

கேற்றடி வரை கமலவேணி வந்தா.
"கிணத்துத் தண்ணிய இப்ப குடிச்சுப் பாத்து
ஓமெண்டு சொல்லிராதீங்க.
மழைத்தண்ணி இனிக்கத்தான் செய்யும்.
ஆவணியில வந்து குடிங்க."
பிறகு புருசன் நின்ற பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தா.

இது மாசி.
வங்கிக் கடிதம் வைகாசி வரைக்கும்தான் செல்லும்.

திரும்பிப் போய்
ஒரு வாளி அள்ளிக் குடித்தேன். தித்தித்தது.
போத்தல் ஒன்றில் நிரப்பி, மூடியை இறுக்கி,
மேலே திகதி எழுதிக்கொண்டு வந்தேன்.