வான்பயிர்

காணிப் பதிவுக் கந்தோரில்
பதினொரு வருஷமாய் உறுதி படிக்கிறேன்.
வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னார் வளவு,
தெற்கே வாய்க்கால், மேற்கே மதில்;
வீடும் கிணறும் வான்பயிரும் தான்பயிரும் அடங்கலாக.
எல்லை நாலு.
மேலே எவ்வளவு என்று
ஒரு நொத்தாரிசும் எழுதியதில்லை.

என் உறுதியிலும் அப்படித்தான்.
உவர்மலையில் பதினெட்டுப் பேர்ச்.
வான்பயிர் என்பது ஒரேயொரு விலாட்டு மா.
அதன் கொப்பொன்று
மதிலைத் தாண்டி, கரண்ட் வயருக்கு ஒரு முழம் தள்ளி,
பார்த்தலட்டின் தண்ணீர்த் தாங்கிக்கு மேலே
படுத்துக் கிடந்தது.
"வாடை தொடங்க முன்னம் தறியுங்கோ மிஸ்"
என்றார் அவர், மூன்றாம் தடவை.

கிண்ணியாவிலிருந்து ஜவாஹிர் வந்தார்.
ஏறவில்லை.
இரண்டு தரம் சுற்றிவந்தார்,
கத்தியின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டி
காதை வைத்துக் கேட்டார்.
"இருபத்திரெண்டாயிரம். கயிறு புடிக்க ஒருத்தன் வேணும்.
கரண்ட் ஒபிஸுக்குச் சொல்லி லைனையும் நிப்பாட்டணும்."
ஒரு கொப்புக்கா, என்றேன்.
"கொப்பு வெட்ட ரெண்டாயிரம்தான்.
மத்த இருபதும் இறங்கி வாறதுக்கு."

சிரித்து அனுப்பிவிட்டேன்.
என்.சி. வீதியில் வாள் வாங்கினேன், ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
உடுப்புக் காயவிடும் நைலோன் கயிற்றை அவிழ்த்தேன்.
ஒரு முனை இடுப்பில், மறுமுனை யன்னல் கம்பியில்.
(இதை எழுதும்போதும் கை கூசுகிறது.)
போயா விடுமுறை. காலை ஏழரை.
சுடிதார்க் காற்சட்டை, பாட்டா செருப்பைக் கழற்றிவிட்டு
ஏறினேன்.

ஏறுவது சுலபம். யாரும் சொல்லாத விஷயம் அது.
மரம் ஏறுகிறவருக்கு உதவி செய்கிறது,
கவட்டுக்குக் கவடு கை நீட்டுகிறது.
நாலு நிமிஷத்தில் கூரை எனக்குக் கீழே.
அங்கே
பன்னிரண்டு வருஷம் இந்த வளவில் இருந்தும்
நான் காணாத உள்துறைமுகம்:
வெள்ளி விரித்த தண்ணீர், அக்கரையில் மா ஆலை,
நங்கூரமிட்ட கப்பலொன்றில் யாரோ
சேட்டுத் தோய்த்துக் காயவிட்டிருந்தார்.

பிறகுதான் முசுறு.
கழுத்தில், காதுக்குள், வாள் பிடித்த கைக்குள்.
மேலிருந்து அறுத்தேன், பாணை அறுப்பதுபோல.
பாதி போனதும் கொப்பு ஒரு பெருமூச்சு விட்டுச் சாய்ந்து
வாளைக் கடித்துக்கொண்டது.
இழுத்தேன். வரவில்லை.
இன்னும் இழுத்தேன். நான்தான் வந்தேன்,
அரையடி.

அப்போது சந்திரவதனியின் புருஷன் நினைவுக்கு வந்தார்.
முருங்கையில் ஏழடி. வெறும் ஏழடி.
இன்றுவரை சீப்பை இடதுகையால் பிடிக்கிறார்.
கீழே பார்த்தலட்
இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.
என்னை ஏந்தவா, கொப்பை ஏந்தவா தெரியாது.
இரண்டுக்கும் அவர் போதாது.

இறங்க அரைமணி.
எந்தக் கவட்டில் கால் வைத்து வந்தேனோ
அதெல்லாம் இடம் மாறியிருந்தது.

பத்தொன்பது நாள் வாள் மரத்திலேயே நின்றது.
காகம் வந்து குந்தும்.
மாலை வெயிலில் பளபளக்கும்,
ஒழுங்கையால் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

கரண்ட்காரர் லைனை நிப்பாட்டிய அன்று
ஜவாஹிர் ஏறினார். மேலிருந்து கேட்டார்:
"இத முதல்ல ஆரு வெட்டின?"
காற்று, என்றேன்.
"காத்துக்குப் பல்லு முளைச்சிட்டா?"
வேறொன்றும் கேட்கவில்லை.
கீழ்ப்புறத்தில் ஒரு சின்ன வெட்டு முதலில்,
பிறகு மேலே.
தோணியிலிருந்து பிள்ளையை இறக்குவதுபோல
கயிற்றில் இறங்கி வந்தது கொப்பு.
அன்று பின்னேரம் இரண்டு மான்கள்
மலையேறி வந்து இலையைத் தின்றன.

எண்ணிக் கொடுத்தேன். விலை குறைக்கக் கேட்கவில்லை.

எலுமிச்சையை நானே நறுக்குகிறேன், மாதுளையையும்.
பாதம் மண்ணில் நிற்க
கை எட்டும் மட்டும் என் காணி.
அதற்கு மேலே உள்ளதை
உறுதி எனக்கென்று சொன்னாலும்
மரம் ஒப்பமிடவில்லை.

ஆனாலும் அந்தக் கப்பல்,
அந்தச் சேட்டு.
நேற்று கந்தோரில்
"வான்பயிர்" என்ற சொல்லில் விரல் நின்றுவிட்டது.
அண்ணாந்து பார்த்தேன்.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.