கோதுமை ஒரு தளமா

ரெஜைனாவில், நான்காம் மாடியில்,
வெந்நீர்க் குழாய் முனகும் அறையில்
சொற்களுக்கு எல்லைக்கல் நடுவது என் வேலை.
விதிகளை எழுதியவர்கள் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள்.
சந்தேகங்கள் எனக்கு வருகின்றன, தபால்தலையோடு.

கனோரா பக்கத்திலிருந்து ஒன்று.
தானியக் கிடங்கு மேலாளர் ஓரெஸ்ட் ஹவ்ரிலக்,
கட்டைவிரல் அழுக்கு படிந்த தாளில்:

"அம்மா, பத்தடிக்கு மேல் நிற்பவனுக்குக் கயிறு வேண்டும்
என்கிறது விதி. சரி.
எங்கள் இரும்புக் குதிர் நாற்பதடி.
அதில் முப்பத்தேழடிக்குக் கோதுமை.
வெண்டெல் அதன்மேல் நின்று
கட்டி உடைக்கிறான்.
அவன் நிற்கும் உயரம் என்ன?
முப்பத்தேழா, பூஜ்யமா?"

நல்ல கேள்வி. அதுதான் பயம்.

விளக்கப் பகுதியைப் புரட்டினேன்.
தளம் என்பது ஆளைத் தாங்கும் பரப்பு.
மரமா இரும்பா என்று சொல்லவில்லை.
கோதுமை தாங்குகிறது.
வெண்டெல், அவன் பூட்ஸ், மண்வெட்டி,
காலையில் தின்ற முட்டை, எல்லாவற்றையும்.
தாங்குவதால் தளம். தளத்தில் நிற்பதால் உயரமில்லை.
உயரமில்லாததால் கயிறில்லை.
பதில் முடிந்து கையெழுத்துக்குக் காத்திருந்தது.

பேனாவை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன்.
"அவர் மேலே நிற்கும்போது
அடியில் திருகு ஓடுகிறதா?"
மறுமுனையில் ஒரு லாரி பின்வாங்கும் மணி மட்டும்.
பிறகு ஓரெஸ்ட்: "ஓடினால்தானே அம்மா
கட்டி எங்கே என்று தெரியும்."

மதியம், சாப்பாட்டறையில்,
காகிதக் கோப்பையில் சர்க்கரை நிரப்பி
அடியில் ஓட்டை போட்டு, விரலால் அடைத்து,
மேலே ஒரு பென்சில்துண்டை நிறுத்தினேன்.
விரலை எடுத்தேன்.
பென்சில் விழவில்லை.
நின்றபடியே குட்டையாகிக்கொண்டு போனது.

இதை எப்படி எழுதுவது?
"திருகு ஓடும்போது தானியம் ஒரு திரவம்" என்றேன்.
மேலதிகாரி ஸ்ட்ராண்ட்பெர்க் சிவப்பில் அடித்தார்:
திரவமென்றால் பதினோராம் அத்தியாயம், லொரேன்.
மிதவைச் சட்டை கேட்பார்கள்.
அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சல்.

கடைசியில் போன வாசகம்:
"ஆள் நிற்கும்போதே தளமல்லாமல் போகக்கூடியது
இவ்விதியின் பொருளில் ஒருபோதும் தளமல்ல.
உயரத்தைக் குதிரின் அடியிலிருந்து அளக்கவும்.
திருகை நிறுத்திப் பூட்டவும். சாவி, இறங்குபவர் பையில்.
கயிறு. கயிற்றின் மறுமுனையில், திறப்பருகே, ஓர் ஆள்."

கேள்வி வந்ததற்கும் பதில் போனதற்கும் நடுவே
பத்தொன்பது நாள்.
தொலைபேசியில் நிறுத்தச் சொன்னேன்தான்.
வாய்ச்சொல் இந்த அலுவலகத்தின் கருத்தாகாது என்று
எங்கள் தாளின் அடியிலேயே அச்சடித்திருக்கிறது.

நேற்று இரண்டாம் கடிதம்.
கயிறு வாங்கியாயிற்றாம். பூட்டும்.
சாவியை வெண்டெல் கழுத்தில் மாட்டிக்கொள்கிறானாம்,
'பையில்' என்பதற்குக் கழுத்து பொருந்துமா?
அப்புறம்:
"இங்கே மைனஸ் முப்பத்தொன்று.
மேலே கயிறு பிடிக்கும் டானியாவுக்குக்
கையுறைக்குள் விரல் மரத்துப்போகிறது.
கயிற்றைக் கம்பியில் முடிந்துவிட்டு
ஐந்தே நிமிடம் லாரிக்குள், ஹீட்டர் முன் உட்கார்ந்தால்,
கண்ணைத் திறப்பின்மேலேயே வைத்திருந்தால்,
அவள் அருகே இருக்கிறாளா?"

கழுத்து பொருந்தும் என்று உடனே எழுதிவிட்டேன்.

அருகே.
ஜன்னலின் உள்பக்கம்வரை பனி பூத்திருக்கிறது.
கையுறையில்லாத விரலைக் கண்ணாடியில் வைத்து
ஐந்து நிமிடம் எவ்வளவு நீளமென்று
எண்ணத் தொடங்குகிறேன்.