நஷ்டஈட்டு மனு

சூலூர் ஓடுதளத்திலிருந்து
விடிந்ததும் மூன்று முறை ஏறி இறங்கிற்று மஞ்சள் விமானம்.
நாலாவது முறை
எங்கள் சோளக்காட்டில் இறங்கிற்று.

ஆனியில் ஒன்று இருகூர்த் தண்டவாளத்தருகே,
ஆடியில் ஒன்று குளத்துச் சேற்றில்.
யுத்தம் எங்களுக்கு அவ்வளவுதான்.

முன் இருக்கை காலி.
வாத்தியார் இல்லாமல் அவன் பறந்த முதல் நாளாம்.
ஒரு பூட்ஸின் கயிறு அவிழ்ந்திருந்தது.

சிறகெல்லாம் துணி, மர எலும்பு.
வேட்டிக்குக் கூப்பனோடு நின்ற வருஷம் அது;
ஆளுக்கொரு முழம் கிழிக்க வந்தவர்கள்
கிழித்ததை அவன் முகத்தில் போட்டுவிட்டு
வெறுங்கையோடு போனார்கள்.
மாராத்தாள் மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்,
லாரி வரும்வரை.

மனு எழுதியவன் நான், நாலாங்கிளாஸ் ராக்கியண்ணன்:
பால் பிடித்த சோளம் முக்கால் ஏக்கர்.
கிளுவை வேலி பதினெட்டு முழம்.
கவலை வடம் அறுந்தது ஒன்று.
மிரண்டோடிய மயிலைக்காளை, இன்னும் கிடைக்கவில்லை.
‘உயிர்ச்சேதம் உண்டா?’ என்றொரு கட்டம்.
மணியக்காரர் சொல்லச்சொல்ல
‘எங்கள் தரப்பில் இல்லை’ என்று எழுதினேன்.

தை கழித்து வந்தது, இருபத்தேழு ரூபாய் நாலணா.
காளை அவிநாசிப் பக்கம் அகப்பட்டது.
இப்போதும் மேலே சத்தம் கேட்டால்
ஏரை இழுத்துக்கொண்டு
வரப்பைத் தாண்டிவிடும்.
நான் அதை அடிப்பதில்லை.